மணி குடிக்காத தண்ணீர்

போன மாதம் சிரம்பானில் நாய்க் காப்பகம் நடத்துகிற பிள்ளைகள் மூன்று பேர் ராசாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் அச்சடித்த ஒரு தாள். ஏழு வார நாய்க்குட்டியை இப்படி இப்படிச் சோதித்துப் பார்த்து, இத்தனை மதிப்பெண் வந்தால் இந்த மாதிரி வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. நான் கால்நடை மருத்துவமனையில் நாய்க்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“ஆண்ட்டி, இதுல ஏதாச்சும் விட்டுப் போச்சான்னு பாருங்கலா,” என்றாள் அவர்களில் ஷாலினி என்ற பெண்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். குட்டியைத் தனியாக விட்டுக் கூப்பிடுவது, மல்லாத்திப் பிடிப்பது, பின்னால் தகரத்தைப் போடுவது, எல்லாம் நாங்கள் எஸ்டேட்டில் செய்ததுதான். ‘அந்நியர் உள்ளே வரும்போது’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது.

“இந்த அந்நியர் என்னா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வருவாரு?” என்று கேட்டேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிழவி நன்றாகத் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது. அதைச் சொல்லி முடிக்க அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்ட அவசரகாலம் தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புக்கிட் பெலண்டோக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் துப்பாக்கியோடு காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்; சுருக்கி எஸ்.சி. என்று சொல்லுவோம். பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டு போகக் கூடாது. கொண்டு போனால் காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சந்தேகம். நான் கூண்டுக்குக் கொண்டு போகும் நாய்ச் சோற்றுக்குள்கூட எஸ்.சி. கையை விட்டுத் துழாவுவான். அதில் மீன் எண்ணெயை ஊற்றிப் பிசைந்திருப்பேன். ஒரு தடவை துழாவியவன் மறுதடவை துழாவியதில்லை.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. என் வீட்டுக்காரர் கோவிந்தன் காட்டோரமாக இருந்த ரப்பர் மர நிரையில் பால் வெட்டினார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு அவர் போன நேரத்திலிருந்து மத்தியானம் திரும்பி வரும்வரை காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். இடிக்குப் பயப்படுவேன். லாரி டயர் வெடித்தால் பயப்படுவேன். நாய்க்கு மட்டும் பயந்ததில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. புல் வெட்டிக்கொண்டிருந்த என்னை நாய்க்கூண்டு வேலைக்கு எடுத்துக்கொண்டது அந்த ஒரு தகுதிக்காகத்தான்.

அப்போது எல்லாருக்கும் நாய் வேண்டியிருந்தது. பங்களாவுக்கு, கணக்கு எழுதும் கிராணிகளின் குடியிருப்புக்கு, தோட்ட வாசலுக்கு, பக்கத்துத் தோட்டங்களுக்கு. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை இரண்டு பெட்டை நாய்களை வைத்துக் குட்டி எடுத்தார். முதல் ஈற்றுக் குட்டிகளை வருகிறவர்கள் அழகு பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று வாசல் காவலுக்குப் போனது. அந்த வருஷம் வெயில் காலத்தில் ரப்பர் காய் வெடித்து விதை தெறிக்க ஆரம்பித்ததும், ஒவ்வொரு ‘பட்’டுக்கும் அது காட்டைப் பார்த்துக் கத்தும். மாலை மங்கும் நேரத்தில் அது கத்திய கத்தலில் புதிதாக வந்த எஸ்.சி. ஒருவன் நடுங்கிப்போய்ச் சுட்டுவிட்டான். செத்தது ஒரு பசுமாடு. ஒரு நிமிஷம் முன்னால் அந்த இடத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்காரர் நின்றிருந்தார்.

மறுநாள் துரை டிரஸரைக் கூப்பிட்டு, இனிமேல் எந்தக் குட்டி எந்த இடத்துக்கு என்று நீர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

டிரஸர் செல்லையா தோட்டத்து மருந்தகத்தை நடத்தியவர். எங்களுக்கு டாக்டர் என்றால் அவர்தான். சிலோன்காரர். மனைவி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில். தனி ஆள். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. காலை ஆறரை மணி அடித்து ஓயும்போது மருந்தகக் கதவு திறந்திருக்கும். ஒரு நாள் மருந்தகக் கூரையைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துக்கொண்டு போன பிறகு, மறுநாள் காலையிலும் ஆறரைக்குத் திறந்தார். மழை ஒழுகும் ஓட்டைக்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, “அடுத்த ஆள்,” என்றார், அவ்வளவுதான். கிருமி கொல்லும் கார்பாலிக் மருந்து கலந்த தண்ணீரில் முழங்கைவரை கழுவாமல் யார் நாடியையும் தொடமாட்டார். ஒருவரைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொட்டதை நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் வருவதற்கு முன்னால் அந்த வாடை வரும்.

நாய்ச் சோதனையையும் அப்படித்தான் நடத்தினார். குட்டி பிறந்து நாற்பத்தொன்பதாம் நாள். முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஸ்டோர் அறை. குட்டி அதுவரை பார்க்காத இடமாக இருக்க வேண்டும் என்பார். நான் குட்டியை நடுவில் விட்டுவிட்டு நாலடி தள்ளிக் குந்திக் கூப்பிடுவேன். வருகிறதா, வாலை எப்படி வைத்துக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மல்லாத்தி, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து முப்பது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். திமிறுகிறதா, கடிக்கிறதா, அடங்குகிறதா. பிறகு பின்னால் ஒரு தகர மூடியைப் போடுவேன். திடுக்கிடாத குட்டி நல்ல குட்டி என்று நான் நினைத்திருந்தேன்.

“இல்லை பிள்ளை,” என்றார் டிரஸர். “திடுக்கிடலாம். திடுக்கிட்டாப் பிறகு திரும்பிப் போய் மூடியை மணந்து பாக்குதோ, அதுதான் கேள்வி. பயம் வாறது பிழையில்லை. பயம் எவ்வளவு நேரம் நிக்குது எண்டு எழுது.”

இதைக் கேட்டு எனக்கு நாய்களைவிட என்னைப் பற்றியே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசிச் சோதனைக்கு அந்நியர் ஒருவர் வேண்டும். முள்வேலிக்குள் அந்நியருக்கு எங்கே போவது? குட்டிகள் பார்க்காத ஆளாக இருந்தால் போதும் என்று பால் வெட்டி முடித்து வருகிறவர்களில் ஒருவரைப் பிடித்து உள்ளே அனுப்புவோம். பெரும்பாலும் கோவிந்தன்தான் ஆள் பிடித்துக்கொண்டு வருவார். சில நாள் தானே உடுப்பை மாற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்நியராக வந்து நிற்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. டிரஸர் கைக்கடிகாரத்தோடு வாசலில் நின்று கவனிப்பார். நான் சொல்லச் சொல்ல அவர் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சில சமயம் நான் சொல்லும் முன்பே எழுதிவிடுவார்.

இப்படி இரண்டு ஈற்றுக் குட்டிகள் நல்லபடி போயின. அதற்கு அடுத்த ஈற்றில் ஆறு குட்டி. அதில் ஒன்றுதான் மணி. தவிட்டு நிறம், ஒரு காது மடிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் பெரிய கிராணிக்குக் காட்டுக்குள் இருப்பவர்களிடமிருந்து ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. கிராணியும் டிரஸருக்கு ஊர்க்காரர்தான். மனைவியையும் ஆறு வயது மகள் மலரையும் ராசாவில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இவர் மட்டும் தோட்டத்தில் தங்கினார். வாரக் கடைசியில் பால் ஷீட் ஏற்றும் லாரியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தாயும் பிள்ளையும் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும், ஆனால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாத நாயாக வேண்டும் என்று டிரஸரிடம் கேட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் மணியை மல்லாத்திப் பிடித்தேன். முப்பது எண்ணி முடியும்வரை அது ஒரு காலைக்கூட அசைக்கவில்லை. டிரஸர் வாசலிலிருந்து ‘நிதானம்’ என்று எழுதினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம். ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு கால் விரல்களும் உள்ளே மடங்கியிருந்தன. எனக்கு அது தெரிந்தது. நிதானமான குட்டியின் நெஞ்சு அப்படி அடிக்காது. ஆனால் அவர் எழுதிவிட்டார். ஐயா எழுதியதைப் புல் வெட்டிக்கொண்டிருந்த நான் எப்படி மாற்றச் சொல்வது? குட்டியைத் தரையில் விட்டேன். அந்நியர் வந்தார், மணி வாலை ஆட்டிக்கொண்டு அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும், சரி, நமக்குத்தான் வீண் பயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மணி ராசாவுக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, கிராணி லாரியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையோடு இறங்கினார். மூட்டைக்குள் மணி. வாயைக் கயிற்றால் கட்டியிருந்தது. மலரின் கையைக் கடித்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டபோது பிள்ளை கை கழுவிவிட்டு வந்து, மேசைக்கு அடியில் படுத்திருந்த நாயைத் தடவப் போயிருக்கிறாள். இரண்டு பல் நன்றாக இறங்கிவிட்டது.

“போனதிலயிருந்து உது ஒரு மூலையிலதான் கிடந்தது. நடுங்கும், உறுமும். பிள்ளை ஆசைப்பட்டு வைச்சிருந்தாள். சுட்டுத் தள்ளுங்கோ,” என்றார் கிராணி.

அந்த வருஷம் வெறிநாய்க்கடி பற்றித்தான் எங்கும் பேச்சு. தெருநாய்களைக் கண்ட இடத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். டிரஸர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

“இப்ப சுட்டா எங்களுக்கு ஒண்டும் தெரியாமப் போகும். பத்து நாள் உயிரோட வைச்சுப் பாக்கவேணும். நாய் நல்லா இருந்தா பிள்ளைக்குப் பயமில்லை. நோய்க்குறி தெரிஞ்சா உடனே ஊசி தொடங்கவேணும். வயித்தில போடுற ஊசி. சின்னப்பிள்ளை, கனக்க ஊசி.”

மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த தனிக் கொட்டகையில் மணியை அடைத்தார்கள். தன்னைத் தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது என்று டிரஸர் உத்தரவு போட்டார். சோறும் தண்ணீரும் அவரே வைத்தார். வெள்ளை எனாமல் கிண்ணம். ஒவ்வொரு தடவையும் அவரே கழுவி, அவரே நிரப்பினார்.

அன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று ஞாபகம் இல்லை. அந்த நெஞ்சு அடித்தது என் உள்ளங்கையிலேயே இருந்தது. சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மலரை எனக்குத் தெரியும். கூண்டு வேலிக்கு வெளியே நின்று குட்டிகளுக்கெல்லாம் பேர் வைத்தவள் அவள்தான். ‘மணி’ அவள் வைத்த பேர். அவளுக்கு ஏதாவது ஆனால் அது நாய் செய்தது இல்லை, நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் செய்தது. கோவிந்தனிடம் சொன்னேன்.

“இப்ப போயி சொன்னா வேலை போயிரும்லா, அஞ்சலை,” என்றார் அவர். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லாட்டி உனக்குச் சோறு எறங்காது,” என்றும் அவரே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரஸர் கொட்டகையிலிருந்து வந்தபோது கிண்ணம் நிரம்பியபடியே இருந்தது. மத்தியானமும் அப்படியே. மாலையும் அப்படியே. சோறும் தொடவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது என்று பேச்சுப் பரவியது. வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். லயத்தில் சிலர் பிள்ளைகளை வெளியே விடவில்லை.

திங்கட்கிழமை காலை. மருந்தகத்து மேசையில் டிரஸர் இரண்டு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாகக் கூட்டிப் பெருக்குகிற பெண் வந்து சொன்னாள். ஒன்று துரைக்கு, நாயைச் சுடச் சொல்லி. இன்னொன்று ராசாவுக்கு, பிள்ளையை உடனே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி. ஒன்பது மணி லாரியில் கடிதம் போகும்.

நான் கூண்டில் மணிக்குப் பிறகு பிறந்த குட்டிகளுக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன். பால் வைக்கக் கிண்ணம் எதுவும் கிடையாது. கோவிந்தன் கொண்டுவரும் பழைய மங்குகள்தான், மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மண் கோப்பைகள். எல்லாக் குட்டிகளும் கண் திறந்து குடிக்கப் பழகியது அதில்தான். எனக்கு என்ன தோன்றியது என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மங்கில் தண்ணீர் மொண்டுகொண்டு கொட்டகைக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கதவுக்குக் கீழே இருந்த சந்தில் வைத்து ஒரு குச்சியால் தள்ளினேன். தள்ளியதில் பாதி சிந்திவிட்டது.

மணி மூலையிலிருந்து தலையைத் தூக்கியது. மூக்கு அசைந்தது. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. வந்து, ‘சளக் சளக்’ என்று குடித்தது. சிந்திய தண்ணீரையும் நக்கியது. எனாமல் கிண்ணம் அதற்கு இரண்டடியில் நிறைந்து கிடந்தது. அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

குச்சியாலேயே அந்தக் கிண்ணத்தைச் சந்துப் பக்கம் இழுத்து மோந்து பார்த்தேன். கார்பாலிக்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. குட்டிகளுக்குப் பூச்சி மருந்து ஊற்றியது, ஊசி போட்டது, பின்னங்காலில் தொங்கிய ஒட்டு விரலை வெட்டியது எல்லாம் டிரஸரின் கை. சோதனை அன்றைக்கு வாசலில் நின்றதும் அவர். மணி அசையாமல் கிடந்தது நிதானத்தில் இல்லை, அந்த வாடையில் உறைந்துபோய்க் கிடந்திருக்கிறது. அந்நியரிடம் வாலை ஆட்டியதும் தைரியத்தில் இல்லை. நாங்கள் கொண்டுவந்த அந்நியர் எல்லாரும் பால் வெட்டுகிறவர்கள், எல்லார் மேலும் ஒரே புளித்த ரப்பர் பால் வாடை. அந்தக் குட்டிக்கு அவர்களில் ஒருவர்கூட அந்நியர் இல்லை. ராசாவில் கிராணியம்மாவோ ஊரான் வீடு, ஊரான் கிருமி என்று வீடு முழுக்க கார்பாலிக் ஊற்றிக் கழுவுகிறவர். பிள்ளை கையையும் கார்பாலிக் சோப்பில்தான் கழுவுவார். டிரஸர்தான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்.

மருந்தகத்துக்கு ஓடினேன். வாசலில் வரிசை.

“ஐயா, ஒரு பேச்சு...”

“வரிசையில நில்,” என்றார், நிமிராமல்.

நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். ஒரு காய்ச்சல், ஒரு வெட்டுக்காயம், பிறகு ஒரு கிழவர். அவர் தன் மூட்டு வலியை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஸ்டோர் பக்கம் லாரி ஹார்ன் அடித்தது. மேசையில் இரண்டு கடிதமும் ஒட்டித் தயாராக இருந்தன. இப்போது நினைத்தாலும் அந்தக் கிழவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது, பாவம்.

“ஐயா, மணி தண்ணி குடிச்சிருச்சுங்க,” என்று வரிசையிலிருந்தே சொல்லிவிட்டேன்.

பேனா நின்றது. “எதில குடிச்சது?”

“மங்குல.”

“நீ உள்ளுக்குப் போனியோ?”

“போகலைங்க. கதவுக்குக் கீழ தள்ளினேன்.”

“நான் வைச்சதை ஏன் குடிக்கேல்லை?”

“ஐயா கை வாசம் அதுல இருக்குங்க.”

மூட்டுவலிக் கிழவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

“என்ர கைக்கு என்ன?”

“மருந்து வாசங்க. ஊசி போட்ட கை, வெரலு வெட்டின கை. அந்த வாசம் வந்தா வலி வரும்னு அது நெனைக்குது. கிராணியம்மா வீட்டுலயும் அதே வாசந்தாங்க. மலரு கையிலயும் அதாங்க.” நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. “அன்னிக்கி மல்லாத்திப் பிடிச்சப்ப அது நெதானமா கெடக்கலைங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு. எனக்குத் தெரியும். நான் சொல்லலைங்க.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்க எழுதிட்டீங்க.”

“லாரியை நிக்கச் சொல்லு,” என்று கூட்டுகிற பெண்ணிடம் சொல்லிவிட்டு, மூட்டுவலிக்கு மருந்து கொடுத்தார். அடுத்த இரண்டு பேரையும் பார்த்து முடித்தார். அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

கொட்டகையில் அவரே சோதனை வைத்தார். இரண்டு மங்கு, ஒரே குடத்துத் தண்ணீர். ஒன்றை நான் வைத்தேன். இன்னொன்றை அவர் தன் கையால் உள்ளும் புறமும் தடவி வைத்தார். மணி என்னுடையதைக் குடித்துத் தீர்த்தது. அவருடையதை மோந்த உடனே பின்வாங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. டிரஸர் தன் இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பல வருஷமாக அந்த வாடை அவருக்குத் தெரியாமலே போயிருக்க வேண்டும்.

கடிதங்களைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “எதுக்கும் பத்து நாள் பத்து நாள்தான். நீ சொல்லுறது சரியாயும் இருக்கலாம், நாய்க்கு நோயும் இருக்கலாம்.”

அதனால் பயம் தீரவில்லை. இன்னும் எட்டு நாள். தண்ணீர் வைப்பது என் வேலையானது. டிரஸர் கொட்டகைக்குக் கிட்டவே வரமாட்டார். தூரத்தில் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றுகொண்டு, “குடிச்சுதோ?” என்பார். “குடிச்சிச்சுங்க,” என்பேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காக நான் விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பேன். அதற்கிடையில் மணியோடு பிறந்த மற்ற ஐந்து குட்டிகளையும் மறுபடி சோதித்தோம். வாசல் காவலுக்குப் போயிருந்த மணியின் அண்ணன், பால் வாடை வீசும் எவரைக் கண்டும் குரைக்கவில்லை. காட்டுக்குள் போனவர்களில் பலர் நேற்றுவரை பால் வெட்டியவர்கள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். டிரஸர் அன்றைக்கே துரையிடம் போய், பிழை தன்னுடையது என்று சொல்லி அந்த நாயை மாற்றினார். என் பேரை இழுக்கவில்லை.

பத்தாம் நாளும் மணி குடித்தது, சாப்பிட்டது, என் சேலைத் தலைப்பை இழுத்து விளையாடியது. நான் அழுதேன். அழுததற்கு வெட்கப்படவில்லை.

அடுத்த லாரியில் டிரஸர் ராசாவுக்குப் புறப்பட்டார். நாயைப் பிடித்துக்கொள்ள நானும். ஷீட் கட்டுகளின் மேல் துப்பாக்கியோடு ஓர் எஸ்.சி. போகும் வழியில் ஒரு வளைவில் போன மாதம் ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். அந்த வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். டிரஸர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

கிராணியம்மா வாசலிலேயே நின்றார். “அண்ணை, குறை நினையாதேங்கோ. நோய் இல்லையெண்டது பெரிய ஆறுதல். ஆனா இனி இந்த நாயை வைச்சிருக்க எனக்கு நெஞ்சில்லை. அவர் அங்க தோட்டத்தில, நான் இங்க தனிய.”

டிரஸர், கையில் கட்டோடு தாய்க்குப் பின்னால் நின்ற மலரின் முன்னால் முழங்காலை மடக்கிக் குந்தினார். அவர் வெள்ளைக் கால்சட்டை தரையில் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“பிள்ளை, உம்மைக் கடிச்சது மணி இல்லை. நான்தான்.”

மலர் அவர் வாயையே உற்றுப் பார்த்தாள். “மாமா, உங்கட பல்லு கட்டுப் பல்லெல்லோ?”

கிராணியம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். டிரஸரும் சிரித்தார். ஆனாலும் நாய் எங்களோடுதான் திரும்பியது. பிறகு அந்த வீட்டுக்கு வேறொரு குட்டி கொடுத்தோம். அதை அந்த வீட்டு அடுப்படியிலேயே, கிராணியம்மாவின் கையாலேயே சோதித்துக் கொடுத்தோம். அன்றுமுதல் போகப்போகிற வீட்டில் வைத்துப் பார்க்காமல் எந்தக் குட்டியையும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை, ஓய்வு பெறும்வரை.

கடித்த நாயைக் கூண்டில் வைக்கக் கூடாது, யாராவது தன் பேரில் எடுத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் சனிக்கிழமை சுட்டுவிடுங்கள் என்றார் துரை. நான் எடுத்திருப்பேன். லயத்தில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. ஒருவரும் முன்வரவில்லை.

“என்ர பேரில எழுதுங்கோ,” என்றார் டிரஸர்.

எங்கள் புத்தகத்தின்படி அதைவிடப் பொருந்தாத வீடு உலகத்திலேயே கிடையாது. மணி அவர் சமையல் செய்யும் குசினிக்குப் பின்புறம் சாக்கில் படுத்தது. அவர் அறையை விட்டுப் போன பிறகுதான் சாப்பிடும். வீட்டிலிருந்த கார்பாலிக் சோப்பை எல்லாம் அவர் மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டார். மருந்தகத்தை மூடிய பிறகு கூண்டுக்கு வந்து, நான் வைத்திருக்கும், மரத்தில் ஒட்டிப் புளித்த ஒட்டுப்பாலை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு போவார். தேய்க்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் நாலு ஐந்து ஆனது. “ஐயா கையால வச்சதைக் குடிச்சுதோங்க?” என்று இப்போது நான் கேட்பேன். “இல்லை,” என்பார்.

பிறகு ஒரு நாள் காலை ஆறரை மணி அடித்தது, மருந்தகக் கதவு திறக்கவில்லை. மணியோசை ஓய்ந்து ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ஒருவரை வீட்டிலிருந்து காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். எஸ்.சி.யைக் கூப்பிட ஆள் ஓடியது. நான் காத்திருக்கவில்லை. டிரஸர் வீட்டுக்கு ஓடினேன். முன்கதவு திறந்து கிடந்தது.

குசினித் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு, சப்பணம் போட்டு. வலது கையைக் குழித்துத் தண்ணீர் ஏந்தியிருந்தார். மணி அவர் உள்ளங்கையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தது. கை காலியாக ஆக, இடது கையால் குடத்திலிருந்து மெதுவாக ஊற்றினார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே அசையாதே என்றார். நான் வந்த வழியே, சத்தம் இல்லாமல், பின்னாலேயே நடந்து வெளியே வந்தேன்.

அன்றைக்கு மருந்தகம் இருபது நிமிஷம் தாமதமாகத் திறந்தது. டிரஸரின் வலது கை முழங்கைவரை நனைந்திருந்தது. அதைக் கார்பாலிக்கில் கழுவவும் இல்லை, துடைக்கவும் இல்லை. “அடுத்த ஆள்,” என்று சொல்லி, அந்தக் கையாலேயே முதலில் நின்றவரின் நாடியைப் பிடித்தார்.